கடிதத்தில் இல்லாத வரி

இனிமேல் பாத்திரம் தேய்ப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். மாமனார் வந்திருந்த தைரியம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆம்பளைக்கு ஆம்பளை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நம்பினேன்.

"மாமா, மூணு வருஷமா நான்தான் தேய்க்கிறேன். நீங்களே கேளுங்க."

"கேக்க என்ன இருக்கு மாப்ளே? கல்யாணத்துக்கு முன்னாடி லெட்டர்லயே எழுதிக் குடுத்தீங்களே! அத நம்பித்தான பொண்ணு குடுத்தேன்?"

தூக்கிவாரிப் போட்டது. "நானா?"

"லெட்டர் என் கையில மாட்டினப்ப இவதான் படிச்சு அர்த்தம் சொன்னா."

என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் கிறுக்குவதையே படிப்பவள். இப்போது மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடிதம்! இல்லாத தலைவலிக்கு அவள் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்; அதை வேறெங்கே காட்டுவது? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, ஏழு தாள் கிழித்து, எட்டாவதில் ஆங்கிலத்தில் எழுதினேன். முதுகில் பட்ட அந்தச் சிமெண்டுச் சூடு இன்னும் நினைவிருக்கிறது.

"லெட்டர எடுத்துட்டு வாம்மா. மாப்ளையே தமிழ்ல சொல்லட்டும்."

புடவைகளுக்கு அடியிலிருந்து வந்தது. மடிப்புகள் பழுத்திருந்தன. எனக்கென்ன பயம்? அலுவலகத்தில் தினம் பத்து காப்பீட்டு நோட்டீசைத் தமிழாக்குகிறவன்.

முதல் வரி 'என் உயிரினும் இனியவளே' என்று வந்தது. மாமனார் முகத்தைப் பார்த்தேன். 'அன்புள்ள' என்று மாற்றினேன். லீவ் லெட்டர் மாதிரி இருந்தது. இரண்டாவது வரியில் அவள் கண்கள் வந்தன. பெற்றவரிடம் அதை எந்தத் தமிழில் சொல்வது?

பசி, கோபம், பயம் எல்லாம் எனக்குத் தமிழில் வரும், வீட்டில் கற்றவை. காதலை மட்டும் கல்லூரி நூலகத்தில் ஆங்கிலத்தில் கற்றேன். வீட்டுக்கு அதைக் கொண்டுவரும் வழி யாரும் சொல்லித்தரவில்லை.

"என்ன மாப்ளே, வண்டி நகரவே மாட்டேங்குது?"

கடிதத்தை மடித்தேன்.

"அவ சொன்னதுதான் மாமா. பாத்திரம் பத்தித்தான்."

"அப்ப ரைட்!" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

சிங்க் முன்னால், முழங்கை வரை நுரையோடு நின்று கிசுகிசுத்தேன். "அந்த லெட்டர்ல உனக்கு ஒரு வரியாவது புரிஞ்சுதா?"

தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நீ வராத அன்னைக்கு, கடை தொறந்திருந்தும் பூட்டின மாதிரியே இருக்கு. உன்னப் பார்க்கத்தான் தலவலின்னு பொய் சொன்னேன். சொல்லிச் சொல்லி நெசமாவே வந்துடுச்சு. அவ்ளோதான?"

அவ்வளவேதான். எட்டுத் தாளில் நான் தேடியது.

"இவ்ளோ அழகா வருதே! இத அன்னைக்கே உங்கப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். அப்புறம் பாத்திரத்த யாரு தேய்க்கிறது?"