திருடன் ரிப்பேர் பண்ணிக் கொடுத்த என் கார்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "இதுவா, அதுவா?" என்று யாராவது என்னைக் கேட்டால் என் வாயிலிருந்து "சரிங்க" என்றுதான் வரும். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே அப்படித்தான். "மேல படிக்கிறியா, இல்ல உங்க அப்பாகூட பந்தல் போடப் போறியா?" என்று வாத்தியார் கேட்டார். "சரிங்க சார்" என்றேன். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொன்னேன் என்று அவராக எடுத்துக்கொண்டார். (எந்தக் கேள்விக்குச் சொன்னேன் என்று எனக்கே இன்றுவரை தெரியாது.)

பந்தலில் தொடங்கியவன் இப்போது திருக்கழுக்குன்றத்தில் சாமியானா, நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். கல்யாண வீட்டில் ஒருவர் நாற்காலி இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும் என்பதால், இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருமே பொருளில் அடையாளம் போட்டு வைப்போம். நான் சிவப்புப் பெயின்டில் என் பெயரின் முதல் எழுத்தான 'ஏ' போட்டு, பக்கத்தில் ஒரு நம்பரும் எழுதுவேன். ஏகாம்பரம் என்று முழுசாக எழுத நாற்காலியில் இடம் இருக்காது.

நாற்பத்து மூன்று வயதில் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என் மனைவி தனத்தின் தம்பி குமரவேல். அவன் நாவலூரில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் டிரைவர். அந்தக் காரின் குணங்கள் எனக்கு மட்டும்தான் புரியும். டிரைவர் பக்கக் கதவைச் சற்றுத் தூக்கிக்கொண்டு சாத்த வேண்டும். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால்தான் ஹாரன் அடிக்கும். (வலது பக்கம் யாராவது குறுக்கே வந்தால் அவரவர் பொறுப்பு.) ஏ.சி. போட்டால் அனல் அடிக்கும். ஆனாலும் அதில் உட்கார்ந்து கடைத்தெரு வழியாகப் போகும்போது, யாரிடமும் பேசாமலே நான் பெரிய மனிதனாகிவிட்டதாகத் தோன்றும். கூச்சப்படுகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

போன ஐப்பசியில் மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு வரவேற்புக்கு நாற்காலி இறக்கப் போயிருந்தேன். நாற்காலிகள் வாடகை லோடு வண்டியில் முன்னால் போக, ஜமக்காளங்களோடு நான் காரில் பின்னால் போனேன். வேலையை முடித்து வந்து பார்த்தால் காரைக் காணோம். வேறொருவனாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பான். நான் எங்கோ மாற்றி நிறுத்திவிட்டேன் என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் இரண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில் இளநீர்க்காரரிடம், "இங்க ஒரு வெள்ளக் காரு நின்னுச்சுங்களா?" என்று கேட்டேன். "காலைலேருந்து நூறு நின்னுது. உனக்கு எது வோணும்?" என்றார்.

பிறகு ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர்., செங்கல்பட்டுக்கும் வீட்டுக்குமாகப் பல மாத நடை. கடைசியில் கார் கிடைக்கவில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தது. இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பணத்தை என் கணக்கில் போட்டார்கள்.

அந்தப் பணம் எதற்கு என்பதைத் தனம் முன்பே முடிவு செய்துவிட்டாள். "ஒவ்வொரு லோடுக்கும் வாடக வண்டிக்காரன்கிட்ட தொங்கிகினு கீறோம். நமக்குன்னு ஒரு குட்டி யானை வாங்கிடலாம்." (எங்கள் பக்கம் சின்ன லோடு வண்டிக்கு அதுதான் பெயர்.) அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அப்போது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வண்டி வாங்கக் கூடாது என்று பணத்தைத் தொடாமல் வைத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஒரு மேடம் போன் செய்தார்.

"சார், உங்க கார் புதுச்சேரிப் பக்கம் கிடைச்சிருக்கு. பணம் குடுத்துட்டதால வண்டி இப்ப எங்களுது. நீங்களே திரும்ப வாங்கிக்கிறீங்களா, இல்ல ஏலத்துல விட்டுடலாமா?"

"சரிங்க மேடம்."

"எது சார் சரி?"

"சரிங்க மேடம்" என்று சொல்லி, மரியாதையாகப் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்தில் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்த தனம் நிமிர்ந்தாள். "யாருய்யா?"

"காரு கெடச்சிடுச்சாம். வாங்கிக்கிறியா, ஏலத்துல வுட்டுடட்டுமான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன்."

"எதுக்கு?"

"ரெண்டுக்கும்னு நெனக்கிறேன்."

தனம் ஒரு கரண்டியைக் கையில் எடுத்தாள். பிறகு அதில் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

எனக்குத் தலை சுற்றியது. காணாமல் போனது என் கார். காணோம் என்பதற்காகப் பணம் கொடுத்தார்கள். இப்போது அந்தப் பணத்தையே கொடுத்து என் காரையே நான் வாங்க வேண்டும். அப்படியானால் காணாமல் போனது யாருடைய கார்? இரண்டு நாள் யோசித்தும் புரியவில்லை. மூன்றாம் நாள் என் தொழிலிலேயே பதில் கிடைத்தது. முன்பு ஒரு கல்யாண வீட்டில் என் அண்டாவைத் தொலைத்துவிட்டு அதற்கான விலையைக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து அது மண்டபத்தின் பின்னால் கிடைத்தது. நான் போய் எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது, "அதான் டப்பு குடுத்துட்டோம்ல, அண்டா எங்களுது" என்றார்கள். அன்றைக்கு அவர்கள் நியாயம் எனக்கு அநியாயமாகத் தெரிந்தது. இப்போது என் கார்தான் அந்த அண்டா, இன்சூரன்ஸ்காரர்கள்தான் அந்தக் கல்யாண வீட்டார். புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மறுபடி போன் செய்த மேடம், வண்டியைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்கும்படி சொன்னார். அச்சரப்பாக்கம் தாண்டி ஒரு யார்டில் வண்டி நின்றது. நான், தனம், குமரவேல் மூவரும் பஸ் ஏறிப் போனோம்.

அங்கே வந்திருந்த மேடம் காட்டிய காரைப் பார்த்ததும், "இது இல்லீங்க" என்றேன். என் கார் அழுக்கு வெள்ளை. இது பளபளவென்று நின்றது. புதுச் சீட் கவர், நான்கும் புது டயர். நான் பழக்க தோஷத்தில் கதவைத் தூக்கிச் சாத்தினேன். அது அடித்த அடியில் பக்கத்து வண்டியில் இருந்த காக்கை பறந்தது. தூக்கத் தேவையே இல்லை. யாரோ சரி செய்திருந்தார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பாமலே ஹாரன் அடித்தது. ஏ.சி.யில் மார்கழிக் காற்று வந்தது.

குமரவேல் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தான். "மாமா, கிளச்ச மாத்திகிறான். பேட்டரி புச்சு. நீ ஆறு வருஷமா செய்யாதத அவன் ஒம்போது மாசத்துல செஞ்சிகிறான். திருடன்னா இவன்தான் மாமா!"

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் அவமானம். பெற்றவன் கவனிக்காத பிள்ளையைத் தூக்கிப் போனவன் சட்டை தைத்துப் போட்டு அனுப்பியது போல இருந்தது.

மேடத்திடம் மெல்லக் கேட்டேன். "அவரு எந்த மெக்கானிக்கிட்ட வேல பாத்தாருன்னு தெரியுங்களா?"

"யாரு?"

"திருடனுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "இது உங்க வண்டிதானான்னு உங்களுக்கு இன்னும் சந்தேகமா இருக்கா?" என்றார்.

இன்ஜின் பக்கம் அடித்திருந்த நம்பரைக் காட்டினார். எனக்கு அதெல்லாம் தெரியாது. பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்புப் பெயின்டில் 'ஏ 412' என்று இருந்தது. வாங்கிய அன்றே நான் எழுதியது.

"நானூத்திப் பன்னண்டா? அது இன்னா கணக்கு?" என்றான் குமரவேல்.

"நாற்காலி நானூத்திப் பதினொண்ணோட முடிஞ்சிது" என்றேன்.

அதற்குள் காரின் பின்னால் போன தனத்தின் குரல் கேட்டது. "யோவ், இங்க வா. யாரு இது பவித்ரா?"

பின் கண்ணாடியில் கையகல எழுத்தில் 'பவித்ரா துணை' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"எனக்கு எப்பிடித் தெரியும்? திருடன் பொண்ணா இருக்கும்."

"பொண்டாட்டியாவும் இருக்கும். எதுவா இருந்தாலும் அவன் குடும்பத்த நம்ம வூட்டு வாசல்ல நிறுத்தணுமா? திருட்டுக் கை பட்ட வண்டி எனக்கு வாணாம்."

காருக்கு மேடம் கேட்ட விலை, எங்களுக்கு வந்த பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். காரை எடுத்தால் லோடு வண்டி இல்லை. லோடு வண்டி வாங்கினால் கார் இல்லை. இவ்வளவுதான் விஷயம். திரும்பி வரும் பஸ்ஸில் மதுராந்தகம் வரைக்கும் அக்காவும் தம்பியும் இதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். முடிவில் இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் ஏரியைப் பார்த்தேன்.

"இதுகிட்ட கேட்டா சரின்னும். ஆத்தாகிட்டயே கேட்டுடலாம், பூ போட்டுப் பாரு" என்றான் குமரவேல்.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் அது வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட வேண்டும். விஷயம் தெரியாத யாராவது ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். வெள்ளை வந்தால் நினைத்ததைச் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும்.

ஆடி வெள்ளி. கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். தனமும் நானும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். பின்னால் கூழ்ப் பானையோடு நின்ற ஒரு அம்மா ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்தேன். வெள்ளை!

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தனத்தைத் திரும்பிப் பார்க்கப் பயம். பார்த்தால், அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்! எவ்வளவு பெரிய மனசு!

வழியில், "உனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

"எனக்கு இன்னா வருத்தம்? உனக்குத்தான் இருக்குமோன்னு நெனச்சேன்."

"எனக்கு இன்னாத்துக்குய்யா வருத்தம்? ஆத்தாவே சொல்லிட்டா. மொதல்ல அந்த மேடத்துக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வா."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் அவ்வளவு ஒற்றுமையாக நடந்து வந்தது அன்றைக்குத்தான்.

பணம் கட்டி, காகிதங்கள் எல்லாம் முடிந்து, ஆடியிலும் நல்ல நாளான பதினெட்டாம் பெருக்கு அன்று குமரவேலோடு போய்க் காரை எடுத்தேன். தனத்துக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று செங்கல்பட்டில் மாலை வாங்கிப் போட்டு, ஏ.சி.யில் வந்து வாசலில் இறங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பாமலே ஹாரன் அடித்தேன்.

தனம் அப்போதுதான் எங்கிருந்தோ வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பட்டுப் புடவை. கையில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு ரசீது.

"இது இன்னாத்துக்கு இங்க வந்துகீது?" என்றாள்.

"ஆத்தா சொன்னா இல்ல?"

"ஆத்தா குட்டி யானையத்தான சொன்னா! சீட்டுப் பணத்த எடுத்து இப்பத்தான் அட்வான்ஸ் கட்டிட்டு வரேன். மீதிய இன்சூரன்ஸ் பணத்துல கட்டிடலாம்னு!"

தெருவே நிசப்தமானது போல எனக்கு இருந்தது. (உண்மையில் அம்மன் கோயில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டுதான் இருந்தது.)

"யோவ், நீ எத நெனச்சிப் பூ போட்ட?"

"காரத்தான். நீ?"

"குட்டி யானைய!"

"வாய வுட்டு யாராச்சும் ஒருத்தர் சொல்லிகிறீங்களா?" என்றான் குமரவேல். சாமியிடம் கேட்கிறபோது சத்தமாக எப்படிக் கேட்பது? கூச்சமாக இருக்காதா?

தனம் காரைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தாள். "போதாக்கொறைக்கு இந்த பவித்ராவ வேற கூட்டிகினு வந்துகிற" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான்கு நாள் பேசவில்லை.

அட்வான்ஸ் திரும்பாது என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் கடன் வாங்கிக் குட்டி யானையையும் எடுத்தோம். அந்தத் தவணைக்காகக் காரை டாக்ஸியாக மாற்றிவிட்டோம். குமரவேல் நாவலூர் வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரம் பார்க்க வருகிறவர்களை அதில் ஏற்றிப் போகிறான். ஏ.சி.யில் சாய்ந்துகொண்டு அவன் போகும்போது, நாற்காலிகளோடு குட்டி யானையில் நான் எதிரே வருவேன். அவன் ஹாரன் அடிப்பான்.

பவித்ராவை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட வேண்டும் என்பது மட்டும் தனத்தின் நிபந்தனை. ஸ்டிக்கர் கடைக்கு நானே காரை எடுத்துப் போனேன். கடைக்காரர் கேட்டார்: "அண்ணாத்த, பழைய பேர சுரண்டிட்டு அண்ணி பேர ஒட்டட்டுமா, இல்ல அது அப்பிடியே இருக்க, கீழ ஒட்டட்டுமா?"

'பவித்ரா துணை, தனம் துணை' என்று இரண்டு வரியில் இன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்குச் சரி என்று சொன்னாலும் செல்லாது. நேற்றுக்கூட சமையற்கட்டிலிருந்து தனம், "இட்லி ஊத்தட்டுமா, தோச ஊத்தட்டுமா?" என்றாள்.

"சரி" என்றேன்.

கரண்டி சத்தம் நின்றது. "எத நெனச்சி?"