கடைசி ஸ்லைடும் பிரியாணியும்

தன் சரக்கின் குறையை அறிந்த ஒருவர், அதைச் சொல்லியும் ஆக வேண்டும், யார் காதிலும் அது விழவும் கூடாது என்றால், முடியுமா? திண்டிவனம் குமரேசனின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. முடியும் என்பது அவருடைய விடை.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். முதலீடு தேடி அலையும் ஸ்டார்ட்அப்காரர். கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்திய இடத்தில்கூட லேப்டாப்பைத் திறந்துவைத்து, எதிரே இருப்பவருக்கு வருங்காலத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். பொய் சொல்லமாட்டார். அது மட்டமான வேலை. கருவி பாதியில் நின்றால் ‘கற்றுக்கொண்டிருக்கிறது’ என்பார், ஒருவரும் வாங்காவிட்டால் ‘சந்தை இன்னும் விழிக்கவில்லை’ என்பார், இருந்த ஆட்களும் வேலையை விட்டு ஓடினால் ‘அணியைச் செதுக்கியிருக்கிறோம்’ என்பார். இதில் எதைப் பொய் என்று நிரூபிப்பீர்கள்?

குமரேசனின் கண்டுபிடிப்பு, மல்லாட்டைக் குவியலில் (வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர்) செருகினால் ஈரத்தைக் கைபேசியில் காட்டும் ஒரு குச்சி. மோசமான குச்சி என்று சொல்ல முடியாது. காயில் மண் ஒட்டியிருந்தால் மட்டும், ஈரக் காயையும் காய்ந்தது என்று காட்டிவிடும். மண் ஒட்டாத மல்லாட்டை எந்தக் கொல்லையில் விளைகிறது என்று கேட்காதீர்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. புதுமைக்கு நாற்பது ஸ்லைடு, ஆபத்துக்கு ஒன்று. கடைசியில். ‘சில கள நிலைமைகளில் துல்லியம் மாறுபடலாம்.’ சாப்பாடு உள்ளே வரும் நொடிக்குச் சரியாக அதைத் திரையில் போடுவார். அதுதான் அவருடைய உண்மையான தொழில்நுட்பம்.

கோட்டக்குப்பம் அமீருதீன் வீட்டில் அது சறுக்கியது. அமீருதீன், ஷார்ஜாவில் இளமையைக் கொடுத்துச் சேர்த்ததோடு ஊர் திரும்பியவர். மல்லாட்டை வியாபாரத்தில் இறங்க நினைத்தார். மறுபடி விமானம் ஏற உடம்பில் தெம்பில்லை. அவர் முதலீடு வராவிட்டால் குமரேசனின் அலுவலகத்துக்கு மறுமாதம் பூட்டு. கல்லூரித் தோழியும் பங்குதாரருமான சங்கவி பக்கத்தில் இருக்க, கூடத்துச் சுவரில் நாற்பது ஸ்லைடு புதுமை ஓடியது. உள்ளிருந்து பிரியாணி மணம் வந்ததும் குமரேசன் கடைசி ஸ்லைடைத் தட்டினார்.

சட்டி வரவில்லை. அமீருதீனின் மனைவி ஆயிஷா பீவிதான் வந்தார்.

“தம்மு இன்னும் உடைக்கல தம்பி. நீ சொல்லிக்கினு இரு.”

சுவரில் அந்த ஒற்றை வரி நின்றது. பார்க்க வேறொன்றும் இல்லாததால் எல்லாரும் அதையே படித்தார்கள்.

“கள நிலைமைன்னா இன்னா?” என்றார் ஆயிஷா பீவி.

“அது வந்துக்கா... காத்து, மண்ணு, டேட்டா...”

“படிச்ச புள்ள, ஆயிஷா. பேஜார் பண்ணாத,” என்றார் அமீருதீன்.

“நானா பேஜார் பண்றேன்? புடவை எடுத்தாக்கூட சாயம் போவுமான்னு கேக்குறோம். இந்தக் குச்சி பேச்ச நம்பி நீங்க மூட்டை மூட்டையா அடுக்கிடுவீங்க. உள்ள ஈரம் இருந்தா அத்தனையும் பூஞ்சை புடிச்சுப் போவும். தம்பி, அது தப்பா சொல்லுமா, சொல்லாதா? ரெண்டுல ஒண்ணு.”

சங்கவி முழங்கையால் இடித்தார். குமரேசனிடம் ஏழெட்டு விடைகள் தயாராக இருந்தன. எல்லாம் பழகிப் பழகி வழுவழுப்பானவை.

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அவனுடைய முன்கோபத்தை ‘கொஞ்சம் சுறுசுறுப்பு’ என்றது யார்? ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நிற்கும் மனையைக் காட்டி, ‘இங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை’ என்றது யார்? உங்களுக்கு ஸ்லைடு போடத் தெரியாது, அவ்வளவுதான்.

“தப்பாத்தான் சொல்லும்,” என்றார் குமரேசன். “மண்ணு ஒட்டுன காயா இருந்தா எப்பவுமே தப்பா சொல்லும். ஈரத்த காஞ்சதுன்னு காட்டும்.”

அமீருதீன் எழுந்தார். “வாங்க, சாப்பிடலாம்,” என்றார். தொழிலைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

திரும்பும் வழியில் சங்கவி கொதித்தார். “ஏன்டா சொன்ன?”

“கேட்டாங்க.”

“இதுக்கு முன்னாடி யாரும் கேக்கலியா?”

கேட்டிருக்கிறார்கள். விழுப்புரத்தில் ஒருவர் இதைவிடக் கூர்மையாகவே கேட்டிருக்கிறார். அவரிடம் குமரேசனின் நாக்கு வழுக்கித் தப்பித்துக்கொண்டது. குமரேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுமாதம் அலுவலகத்தைப் பூட்டும்போது சங்கவி மறுபடியும் கேட்டார். மறுபடி விமானம் ஏற முடியாத ஒருவரின் பணம் அது என்பதை அப்போதும் அவர் சொல்லவில்லை.