வேதகிரி வீட்டுக் கல்யாணத்தில் உன் சி.டி. பெட்டி

உத்திரமேரூர்,
12.6.88

மஸ்கட்டில் இருக்கும் மைத்துனன் இருசப்பனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரர் சவுண்டு சர்வீஸ் ஏகாம்பரம் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்காள் சொக்கம்மாளும், இரண்டு ஆம்ப்ளிபயரும், நான்கு கூம்பு ஸ்பீக்கரும் இங்கு சுகம். உன் சுகத்துக்கும் அங்குள்ள வெயில் தணியவும் அம்மனை வேண்டுகிறோம்.

நீ அனுப்பிய சி.டி. பெட்டி வந்து சேர்ந்தது. ரெக்கார்டில் முள் உரசும், கேசட்டில் நாடா சிக்கும், இதிலோ சத்தத்தை விநாடிக்கு நாற்பத்து நாலாயிரம் தடவை அளந்து வெறும் எண்ணாக வைத்திருக்கிறான், பெட்டிக்குள் இருக்கும் சிப் என்கிற சில்லு அந்த எண்ணைத் திரும்பவும் சத்தமாக்கும், கரகரப்பே இருக்காது என்று எழுதியிருந்தாய். உன் பேச்சை நம்பி, திருமுக்கூடல் வேதகிரி மகள் ஆதிலட்சுமி கல்யாணத்துக்கு எடுத்துப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

மேளக்காரர்கள் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. மாட்டுவண்டியில் மாப்பிள்ளை பந்தல் வாசலுக்கு வந்தாச்சு. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கறாங்க. நான் உன் பெட்டியில நீ கூட அனுப்பின நாதஸ்வர சி.டி. தட்டைப் போட்டேன். கூம்புல ஒரு மூச்சு இல்ல. ரெக்கார்டா இருந்தா முள்ளை வெச்சதுமே கரகரன்னு சொல்லும், நானும் சனமும் தெரிஞ்சிக்குவோம், செட்டு உசுரோட கீதுன்னு. அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான் இருபது வருசமா இந்தப் பக்கத்துல பொண்ணு மாப்ள எந்திரிச்சி நிப்பாங்க. ரெக்கார்டு மேல ஓடற கோட்டைப் பாத்தே எந்த இடத்துல தவில் எகிறும்னு எனக்குத் தெரியும். உன் தட்டுல இன்னா தெரியுது? என் மூஞ்சிதான் தெரியுது.

வேதகிரி ஓடியாந்தாரு. "இன்னாய்யா ஏகாம்பரம், உன் செட்டு ஊமையா கீது?"

"இருங்க, நம்பர் மின்னிக்கினு கீது."

"நம்பரா? எனக்கு மேளம் வேணும்யா!"

ஒயரு லூசுன்னு நெனச்சி வால்யூமை முழுசாத் திருப்பினேன். அப்புறம் கைக்கு வந்த பட்டனை அமுக்கினேன். அதுதான் பாட்டை நிறுத்தி வெக்கற 'பாஸ்' பட்டனாம், பாட்டு அதுல நின்னுக்கினு இருந்திருக்கு! நாதஸ்வரமும் தவிலும் ஒண்ணா வெடிச்சிது பாரு, கூம்புக்கு நேர் கீழ நின்ன மாடு ரெண்டும் வண்டியையும் மாப்பிள்ளையையும் இழுத்துக்கினு பாலாத்தைப் பாத்து ஓடிடுச்சி.

ஆம்பளைங்க அத்தினி பேரும் என்னைத் திட்டிக்கினு நின்னாங்களே தவிர, ஒருத்தன் ஓடல. ஓடினது ஆதிலட்சுமி. கூரைப்புடவையத் தூக்கிச் சொருகிக்கினு, மாலையோட, மணல்ல. மாடு தண்ணி இல்லாத நடு ஆத்துல நின்னுடுச்சாம். மூக்கணாங்கயித்தைப் பிடிச்சி வண்டியத் திருப்பி அவளே ஓட்டியாந்தா. மாப்பிள்ளை பின்னால கெட்டியாப் பிடிச்சிக்கினு உக்காந்திருந்தாரு. "சத்தம் ரொம்ப சுத்தமா இருந்திச்சிங்க"ன்னாரு என்னைப் பாத்து. அந்தப் பொண்ணு சிரிச்சிது பாரு, அப்பத்தான் வேதகிரிக்கும் கோவம் எறங்கிச்சி.

கையோட கொண்டுபோன பழைய ரெக்கார்டைப் போட்டேன். கரகரன்னுச்சி. மொத்தப் பந்தலும் எந்திரிச்சி நின்னுச்சி. தாலி ஏறிச்சி. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு மச்சான்.

எண்ணா வெச்சா இன்னா, கோடா வெச்சா இன்னா? கடைசியில என் தகரக் கூம்பு வழியாத்தானே வரணும். ஆகவே அங்கிருந்து அடுத்து ஊருக்கு வந்து திரும்புபவர் யாராக இருந்தாலும் அவரிடம் இந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். வருத்தப்படாதே. நீ நோய்நொடி இல்லாமல், நல்ல இடத்தில் பெண் அமைந்து, பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
ஏகாம்பரம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது உன் அக்காள் கூப்பிட்டாள். அட்டைப்பெட்டி அடியில் கிடந்த காதுமாட்டியைச் சொருகிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "யோவ், வாசிக்கறவர் மூச்சு இழுக்கறாருய்யா"ன்னு என் காதில் மாட்டினாள். எங்கிட்ட ரெக்கார்டாக இருக்கிற அதே வாசிப்புதான். இத்தனை வருசம் தேய்ச்சேன், அந்த மனுசன் மூச்சு விட்டது எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஆளுக்கொரு காதில் வைத்து முழுசும் கேட்டோம். பெட்டிக்கு ஆள் அனுப்பாதே. மேலே எழுதியதைப் படிக்காமல் விட்டுவிடு.