கோத்தியரும் பிந்தி வந்த கப்பலும்

உலகம் ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளாகச் செய்யத் தவறிய கடமையை 1996ஆம் ஆண்டு ரொறன்ரோவில் நவரட்ணம் நிறைவேற்றினார். பழைய ஜெர்மானிய இனத்தவரான கோத்தியரின் மன்னர் சரித்திரத்தைத் தமிழில் எழுதி முடித்தார். யாரும் கேட்கவில்லைதான். மாபெரும் கொடைகளைக் கேட்டா கொடுப்பார்கள்?

பகலில் மிசிசாகாவில் ஓர் அலுவலக வாசலைக் காத்தவர், அதே கதிரையில் இருந்தபடி கோத்தியரின் எல்லைகளையும் காத்தார். ஒரே தீவிலிருந்து மூன்று கப்பல்களில் ஒரே இரத்தம் புறப்பட்டதாம். மூன்றாவது கப்பல் பிந்திவிட்டது. அதில் வந்தவர்களுக்குக் 'கெப்பிடர்', அதாவது மந்தமானவர்கள், என்று பட்டம் சூட்டி ஒதுக்கினார்கள். பின்னாளில் அவர்களின் அரசன் பஸ்திதா இருக்க இடம் கேட்டுத் தூது விட்டான். கோத்திய மன்னன் ஒஸ்ட்ரகோதா மறுத்தான். ஆற்றங்கரையில் அண்ணன் தம்பிமார் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். 'பிந்தி வந்தவனும் பிறப்பால் தம்பியே' என்று கடைசி அத்தியாயத்தில் நவரட்ணம் தீர்ப்பெழுதினார். எழுதும்போது அழுதார் என்பதற்கு மனைவி யோகமலர் சாட்சி.

நவரட்ணம் ஊர்ச்சங்கத்தின் நிரந்தரத் தலைவரும் கூட. 1988க்குப் பிறகு கனடா வந்தவர்களுக்குச் சங்கத்தில் வாக்கில்லை என்ற 'ஒற்றுமை விதி' அவர் இயற்றியதே. அந்த விதி வெளியே நிறுத்திய முதல் ஆள், 1991இல் வந்த அவருடைய சொந்தத் தம்பி பத்மநாதன். விதி வந்த நாளிலிருந்து மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நல்லநாள் பெருநாளில் சோறு இறங்காமல் தவித்த மனிதர், வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்க அவனையே அழைத்தார். அவன் வராவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று யோகமலரிடம் சொல்லியும் விட்டார்.

பத்மநாதன் பார்க்டேல் மண்டபத்துக்கு வந்தான். முதற்பிரதியை வாங்கியவன், எங்கள் விழாக்களில் எவரும் செய்யாத அநாகரிகம் ஒன்றைச் செய்தான். மேடையிலேயே புத்தகத்தைத் திறந்து வாசித்தான். கடைசி அத்தியாயம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணை, நல்லா எழுதியிருக்கிறியள். அப்ப அந்த விதியை எடுத்துவிடுங்கோவன். எங்கட ஆக்களும் உள்ள வரட்டும்."

 'ஓம்' என்ற சொல் நவரட்ணத்தின் நாக்குநுனி வரை வந்தது. முன்வரிசையில் நிர்வாகசபையினர் பதினொருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உது வேற, தம்பி. உது சங்கத்தின்ர யாப்பு, சட்டம்."

"கோத்தியரின்ர பிழை மட்டும் உங்களுக்கு வடிவா விளங்குது, அண்ணை," என்றான் பத்மநாதன். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ஏற்புரை. தலைப்பு, 'சகோதர யுத்தம் இனியும் வேண்டாம்'. நவரட்ணம் வாய் திறக்கும்போது வெளியே தம்பியின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மைக்கைக் கிட்ட இழுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் முழங்கினார். கெப்பிடருக்காக மண்டபமே அழுதது.