முன்கியரில் பின்னால் போன ஆட்டோ

யாராவது நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் எனக்கு மனசில் ஒட்டிக்கொள்ளும். அது சொல்கிற வேலைதான் ஒட்டாது. இந்தக் குறையால் நான் பட்டது கொஞ்சம், என் வீட்டார் பட்டது நிறைய.

சுனாமியில் கச்சால் தீவில் இருந்த வீடும் ரப்பர் தோட்டத்து வேலையும் போனபிறகு, நானும் தங்கச்சி கலாவும் போர்ட்பிளேர் டாலிகஞ்சில் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தோம். அப்போது எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு குறைந்தாலும், நிவாரணம் என்று நடத்திய இலவசப் பயிற்சி குறைந்ததில்லை. மெழுகுவத்தி, காளான், ஊறுகாய் என்று எல்லாவற்றுக்கும் போய் உட்கார்ந்தேன். (மத்தியானம் பூரி கொடுப்பார்கள்.) கடைசியாக வந்தது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ரிப்பேர், நாலு நாள்.

சொல்லிக்கொடுத்த தெலுங்குக்காரர் இந்தியில் ஒன்று சொல்வார்: "பஹ்லே நிஷான், ஃபிர் பானா." கழற்றுமுன் பாகம் இருந்த இடத்தில் அடையாளக் கோடு போடு, அப்புறம்தான் ஸ்பானர். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், டீக்கடையில் கூடச் சொல்லித் திரிந்தேன்.

அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோ ஓட்டினார். கலாவுக்கு மெயின்லேண்டில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது. அந்த வாரமே போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அடுத்த கப்பலோ பத்து நாள் கழித்து. கப்பல் கிளம்புகிற அன்று காலையில் பார்த்து ஆட்டோ இருமியது.

"மெக்கானிக்கைக் கூப்பிடவா?" என்றார் அத்தான்.

"நான் எதுக்கு அத்தான் இருக்கேன்?" என்றேன். அந்தக் கேள்விக்கு அவர் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறார்.

பொறி கொடுக்கிற பாயிண்டில் கரி பிடித்திருந்தது. பொறி விழுகிற நேரத்தைத் தீர்மானிக்கிற காயில் பிளேட்டைக் கழற்றி, துடைத்து, குத்துமதிப்பாக வைத்து முடுக்கினேன். (நிஷானா? அது ஊருக்குச் சொல்வதற்கு.)

மத்தியானம் கலா பெட்டியோடு ஏறினாள். அக்கா அவளுக்குத் திருநீறு பூசினாள். அத்தான் லீவரை ஒரே இழுப்புத்தான் இழுத்தார், வண்டி ஸ்டார்ட் ஆனது. நான் மார்பை நிமிர்த்தினேன். அவர் முதல் கியரைப் போட்டார். வண்டி விறுவிறுவென்று பின்னால் போய் அடுத்த வீட்டு வேலியில் உட்கார்ந்தது.

"அரே, ஜஹாஸ் உதர் ஹை," என்றார் வேலிக்காரப் பெங்காலி தாதா, கப்பல் இருக்கிற திசையைக் கைகாட்டி.

டூ-ஸ்ட்ரோக்குக்கு வால்வு கிடையாது. எந்தப் பக்கம் சுற்றினாலும் அதற்குச் சம்மதம். பொறி ரொம்ப முந்தி விழுந்தால் பிஸ்டனைத் திருப்பி உதைத்து, இன்ஜின் எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். சத்தத்தில் ஒன்றும் தெரியாது. (இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது.) மூன்று தரம் அணைத்து இழுத்தோம். மூன்று தரமும் பின்னால்தான்.

"திரும்பக் கழற்றட்டுமா?" என்றேன்.

"அண்ணே, நீ கையைக் கட்டிக்கிட்டு உட்காரு," என்றாள் கலா.

அத்தான் ஒரு பெருமூச்சு விட்டார். ஆட்டோவில் ரிவர்ஸுக்குத் தனி லீவர் உண்டு. அதைப் போட்டார். தலைகீழுக்குத் தலைகீழ் நேராகிவிட்டது. வண்டி முன்னால் போனது.

ஷாதிபூர் ஏற்றம் வரைக்கும்தான். இன்ஜினைக் குளிரவைக்கிற விசிறியும் எதிர்ப்பக்கம் சுற்றியதால் காற்று சரியாகப் படவில்லை. கொதித்து நின்றுவிட்டது. கலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வந்த டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

நாங்கள் ஓட்டமும் நடையுமாக ஜெட்டிக்குப் போனபோது கப்பல் கிளம்பிவிட்டது. அவள் ஏறினாளா என்று சொல்ல ஆளில்லை. வீட்டுக்குத் திரும்பியும் வரவில்லை. நாலு நாள் அக்கா எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை. ஐந்தாம் நாள் சென்னையிலிருந்து போன் வந்தது: "சேர்ந்துட்டேன். அண்ணனை எதையும் தொட விடாதீங்க."

கலா படித்து முடித்து, போர்ட்பிளேருக்கே நர்ஸாக வந்தாள். கல்யாணமும் ஆயிற்று. பிரசவத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பிள்ளை தலை மேலேயும் கால் கீழேயுமாக இருக்கிறது என்றார் டாக்டர். எல்லோரும் கலங்கி நின்றோம். அத்தான் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"தாய்மாமன் சாடை."

பயத்தை மறந்து முதலில் சிரித்தவள் கலாதான்.

ஆபரேஷன் செய்து நல்லபடியாக எடுத்தார்கள். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். செருப்பைக் கால் மாற்றிப் போட்டாலும், சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டாலும், வீட்டில் யாரும் அவனை ஒன்றும் சொல்வதில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.