கார்க் கண்ணாடியை இறக்கிய கதை

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். வாய் இருந்தும் விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரத் தெரியாத ஒருவனின் கதை இது. அந்த ஒருவன் நான்தான். வழி தெரியாவிட்டால் கூச்சப்படாமல் கேட்டுவிடுவேன். இது நல்ல குணம் என்றுதான் நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பீங்கான் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாகப் பேக்கிங் வேலையில் இருந்தேன் அப்போது. பியூஸ் கட்டையானாலும் கொலு பொம்மையானாலும் வைக்கோல் வைத்து அடுக்கி, உடையாமல் அனுப்புவது என் பொறுப்பு. நான் அடுக்கிய பெட்டியில் எந்தப் பிள்ளையாருக்கும் தும்பிக்கை போனதாகப் புகார் வந்ததில்லை. (ஒரு முறை மூஞ்சூறுக்கு வால் போயிற்று. அது லாரிக்காரன் தப்பு.)

என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் வாடகைக் கார் வைத்திருந்தார். போன் ஆப்பில் கூப்பிட்டால் போய் ஏற்றிக்கொண்டு வருகிற கார். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறேன் என்று ஏணியில் ஏறி, விழுந்து, காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்தபடி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாப்ளே, வண்டி சும்மா நிக்குது. ஒங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்குதே, ஓட்டிப் பாருங்க. புடிச்சிருந்தா நீங்களே எடுத்துக்குங்க. காலு சரியானாலும் நான் கடைதான் வைக்கப் போறேன்."

படுத்தபடியே என் பெயரை ஆப்பில் ஏற்றியும் கொடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் பத்து நாள் லீவு போட்டேன். பத்து நாள் ஓட்டுவது, பிடித்தால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு.

ஸ்டெல்லா ஒரு முருங்கைக்காய் வாங்கினாலும் நாலு பக்கம் திருப்பிப் பார்ப்பவள். பங்குக் கோவிலில் கொடுத்த காலண்டரில் பழைய மாதத்தைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் நன்மை, இன்னொரு பக்கம் தீமை. நன்மைப் பக்கத்தை நான் சொன்னேன்: முதலாளி கிடையாது, ஏசி உண்டு, வைக்கோல் தூசியும் தும்மலும் இல்லை, பசித்தால் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். அவள் தீமைப் பக்கத்தை நிரப்பினாள். இந்த ஊரில் எத்தனை பேர் போனில் அந்த ஆப் இருக்கிறது? பி.எஃப். என்ன ஆகும்? இடுப்பு தாங்குமா? யாராவது வாந்தி எடுத்தால் யார் கழுவுவது? கடைசியாக, கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாய்" என்று எழுதினாள்.

"அது என்னா?"

"நீங்க பேசிக்கிட்டே இருப்பீங்க."

"அது நன்மைம்மா! ஏறுறவங்களுக்குக் கலகலப்பா இருக்கும். அஞ்சு நட்சத்திரம் குடுப்பாங்க."

பேனாவைப் பிடுங்கி, நன்மைப் பக்கத்திலும் "வாய்" என்று எழுதிவைத்தேன். அந்தத் தாள் இன்றும் எங்கள் பீரோவில் இருக்கிறது.

முதல் மூன்று நாள் நன்றாகவே போயிற்று. ஏறியவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். பின்னால் உட்காராமல் முன்சீட்டில் உட்கார்ந்து, "மச்சானுக்குக் காலு எப்பிடி இருக்குது?" என்று விசாரித்தார்கள். இறங்கும்போது டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இப்படி ஒரு வேலையை விட்டுவிட்டுப் பதினாறு வருடம் பிள்ளையாருக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தோமே என்று என் மேலேயே இரக்கப்பட்டேன்.

நான்காம் நாள் காலை, ஜங்ஷன் வாசலில் சாதிக் ஏறினார். முப்பது வயதிருக்கும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு பெரிய பெட்டி, அவற்றைவிடப் பெரிய கரடி பொம்மை ஒன்று.

"மங்கலம்பேட்டைதானே பாய்?"

"ஆமாண்ணே. ஆனா ஒரு ஒதவி. நான் வரது யாருக்கும் தெரியாது. வூட்டுல கூட சொல்லல."

வண்டி கிளம்பியதும் அவரே விஷயத்தைச் சொன்னார். "எம் பொண்ணு ஆயிஷா ஆறு மாசக் கொழந்தையா இருக்கறப்ப கத்தார் போனேண்ணே. இப்ப மூணு வயசு. என்னை போன்லதான் பாத்திருக்கறா. சொல்லிட்டு வந்தா சொந்தக்காரங்க மொத்தமும் வந்து நிப்பாங்க. அவ்ளோ கூட்டத்தப் பாத்தா அவ மெரண்டுடுவா. கதவத் தொறந்தா நான் மட்டும் நிக்கணும். என்னை அடையாளம் தெரியுதான்னு பாக்கணும்." கரடியின் காதை நீவிவிட்டார். "தெரியலன்னா என்னா பண்றதுன்னுதான் பயமா இருக்குது."

"கவலைய வுடுங்க பாய். என் வாயிலேந்து ஒரு வார்த்த வராது. உடையற சாமான உடையாம சேக்கறதுதான் என் தொழிலு" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். ராத்திரி முழுக்க விமானம், அப்புறம் ரயில். விருத்தாசலம் பாலக்கரையைத் தாண்டுவதற்குள் கரடியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அவர் போகவேண்டியது, கத்தாரில் இருந்தபடி பணம் அனுப்பிக் கட்டிய புது வீடு. அவரே போனில்தான் பார்த்திருக்கிறார். ஆப் சொன்ன வழியில் பயபக்தியோடு போனேன். அது என்னை மங்கலம்பேட்டைக்கு வெளியே ஒரு மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலை வயலுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது. ஓர் ஆடு மட்டும் எங்களை வரவேற்றது.

சாதிக்கை எழுப்பியிருக்கலாம். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு குழந்தை மாதிரி தூங்குகிறவரை எப்படி எழுப்புவது? பயணியைத் தூங்கவைத்தே வீட்டு வாசலில் இறக்குகிற ஓட்டுநருக்கு அல்லவா அந்த ஐந்தாவது நட்சத்திரம்! வண்டியைத் திருப்பி ஊருக்குள் வந்தேன். டீக்கடை ஓரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினேன்.

"பாய், சாதிக்னு கத்தார்ல இருக்காரே, அவரு புது வூடு எங்க?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "எந்த சாதிக்? கத்தார் சாதிக்கே நாலு பேரு இருக்கறாங்க."

நியாயம்தானே. அடையாளம் சொன்னால்தானே வழி சொல்ல முடியும்? "பொண்ணு பேரு ஆயிஷா. மூணு வயசு. இவரு போயி ரெண்டரை வருஷம் ஆவுது."

"ஓ, நம்ம பர்வீன் வூட்டுக்காரரா! நீங்க எதுக்குக் கேக்கறீங்க?"

குரலைத் தாழ்த்தினேன். "பின்னாடி தூங்கறாரு. யாருகிட்டயும் சொல்லாதீங்க. ரகசியம்."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் வாய் மேல் விரல் வைத்துக்கொண்டார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் சொன்ன சந்து குழப்பியதால் தையல் கடை அம்மாவிடம் ஒரு முறை, கறிக்கடையில் ஒரு முறை இதே கதையை முழுதாகச் சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் "யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று மறக்காமல் சொன்னேன். அந்த அளவுக்குப் பொறுப்பானவன்.

தெரு திரும்பியதும் பிரேக்கை மிதித்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த புது வீட்டு வாசலில் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் ஜிலேபிப் பொட்டலம் இருந்தது. கறிக்கடைக்காரர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். சாதிக் கண் விழித்தபோது, கண்ணாடியின் இரண்டு பக்கமும் முகங்கள் ஒட்டிக்கொண்டு, "சாதிக்கு! எப்பிடிப்பா இருக்கற!" என்று கத்திக்கொண்டிருந்தன.

அதைவிட மோசம், வீடு பூட்டியிருந்தது. பர்வீன் முந்தின நாளே மகளைக் கூட்டிக்கொண்டு பெண்ணாடத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்.

"பர்வீனுக்கு நாங்க சொல்லிட்டோம்!" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே நேரத்தில். சாதிக் போன் போட்டார். லைன் பிஸி. மறுபடி போட்டார். பிஸி. மங்கலம்பேட்டை மொத்தமும் அந்த ஒரு நம்பருக்கு நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

"பெண்ணாடத்துக்கே வுடுங்கண்ணே" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. விருத்தாசலம் வந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன பேருகிட்டண்ணே வழி கேட்டீங்க?"

"மூணே பேருகிட்டதான் பாய்."

"மங்கலம்பேட்டைக்கு மூணு பேரு போதும்ணே."

பெண்ணாடம் ரோட்டில் ஒரு குறுகலான இடத்தில் பஸ் ஒன்று எதிரே வந்தது. வேறு எதிலாவது நல்ல பெயர் எடுக்கலாம் என்று வண்டியைப் பள்ளம் வரை ஒதுக்கி மரியாதையாக வழிவிட்டேன். டிரைவர் கைகூட காட்டினார். பெண்ணாடம் அக்கா வீட்டில் கதவைத் திறந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, சேதி கேட்டதும் அவ கொழந்தைய தூக்கிக்கிட்டு பஸ்ஸு ஏறிட்டாளே!"

ஆமாம். அந்தப் பஸ்தான்.

அங்கிருந்து போன் போட்டபோது ஒருவழியாக லைன் கிடைத்தது. சாதிக் சொன்ன ஒரே வார்த்தை, "எங்கியும் போவாத. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுலயே நில்லு." அந்த ரோட்டில் அதற்கு முன்பும் பின்பும் நான் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டில் பழக்கடை ஓரமாக பர்வீன் நின்றிருந்தார். கையைப் பிடித்தபடி ஆயிஷா. சாதிக் பெட்டியை இறக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார். பிராயச்சித்தம் செய்கிற அவசரத்தில் நான் கரடி பொம்மையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். (என்னை யார் ஓடச் சொன்னார்கள்? யாருமே சொல்லவில்லை.)

அப்பா வருகிறார் என்று சொல்லிக் கூட்டிவந்த குழந்தை கரடியைப் பார்த்தது. கரடிக்கு மேலே இருந்த என் முகத்தைப் பார்த்தது. "அத்தா?" என்று சொல்லி என் காலைக் கட்டிக்கொண்டது.

"இல்ல கண்ணு. நான் டிரைவரு" என்றேன்.

சாதிக் இரண்டு எட்டு பின்னால் நின்றுவிட்டார். பர்வீன் அழுதுகொண்டே, "அத்தா அங்க இருக்கறாங்க பாரு" என்று காட்டினார். ஆயிஷா தாடி வைத்த அந்த ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவின் புர்காவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சாதிக் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் இரண்டரை வருடமாகப் பயந்தது இதற்குத்தான். மாதா, இந்த நிமிடம் பூமி பிளந்து என்னைக் கரடியோடு விழுங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்புறம் சாதிக் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பர்வீனின் கையிலிருந்த போன் அடித்தது. வீடியோ கால். பழக்கம்தானே, ஆயிஷா வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டது. "அத்தா!" என்று கத்தியது. "அத்தா, பஸ்ஸு பாத்தியா? நான் பஸ்ஸுல வந்தேன்!"

"பாத்தேன்டா. அத்தா பின்னாடியும் ஒரு பஸ்ஸு நிக்குது பாரு."

குழந்தை போனுக்குள் பார்த்தது. சாதிக்குக்குப் பின்னால் ஒரு நீல பஸ். தலையைத் தூக்கிப் பார்த்தது. அதே நீல பஸ். அதற்கு முன்னால் அதே சட்டை. மறுபடி போன், மறுபடி அவர். பிறகு போனைக் கையில் பிடித்தபடியே மெதுவாக நடந்து போய், குனிந்திருந்த அவருடைய தாடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தது.

"அம்மா! அத்தா போன்லேந்து வெளிய வந்துட்டாங்க!"

நான் அழுதேன். பழக்கடைக்காரரும் அழுதார். அவருக்கு விஷயமே தெரியாது. (பிறகு நான் சொன்னேன்.)

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "பாத்தியா, நான் வழி கேக்கலன்னா அவரு பூட்டுன வூட்டு முன்னாடி நின்னுருப்பாரு" என்று வாதாடினேன்.

"நின்னுருப்பாரு. ஒரு போனு போட்டிருப்பாரு. லைனு கெடச்சிருக்கும். அக்கா வூட்டுலயே இருன்னு சொல்லிட்டு நேரா அங்க போயி எறங்கியிருப்பாரு" என்றாள். பீரோவைத் திறந்து காலண்டர் தாளை எடுத்தாள். நன்மைப் பக்கம் நான் எழுதிய "வாய்" மேல் ஒரு கோடு போட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

லீவு முடியும் முன்பே வைக்கோலுக்குத் திரும்பிவிட்டேன். கால் சரியானதும் மச்சான் கடை வைக்கவில்லை. இன்றும் அவரேதான் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் யாருக்காவது பெண் பார்க்கிற பேச்சோ, நிலம் வாங்குகிற பேச்சோ வந்தால், நான் உள்ளே நுழைந்ததும் யாராவது, "மொதல்ல அவரு கண்ணாடிய ஏத்துங்கப்பா" என்பார்கள். பத்து நிமிடம் சிரிப்பு ஓடும். நானும் சிரிப்பேன்.

போன மாதம் கத்தாரிலிருந்து போன் வந்தது. "அண்ணே, வெள்ளிக்கெழம வரேன். இந்தத் தடவ எல்லாருக்கும் தெரியும். ஆயிஷா ஸ்கூலு போறா, கூட்டம்னா பயமில்ல. நீங்கதான் வண்டி எடுத்துக்கிட்டு வரணும்."

ஒரு நாள் லீவு போட்டு, மச்சானிடம் காரை வாங்கிக்கொண்டு போனேன். வாயைத் திறக்கவே இல்லை. சாதிக்கும் தூங்கவில்லை. மங்கலம்பேட்டை டீக்கடை வந்ததும், "நிறுத்துங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கத்துக் கண்ணாடியை அவரே இறக்கினார்.

டீக்கடைக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்து, வாய் மேல் விரல் வைத்துக்கொண்டு கேட்டார்: "இப்ப சொல்லலாமாண்ணே?"