விசில் ஊதினால் திரும்பக் கூடாது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நலம். தோட்டம் நலமில்லை. தாங்கள் நலம் என்பதைத் தோட்டத்து வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்கும் பதாகையே சொல்லிவிட்டதால், அதை விசாரித்து மையை வீணாக்கவில்லை.

தெருக்காரர்கள் கூடிப் பயிரிடும் இந்தத் தோட்டத்துக்கு நீங்கள் தலைவரானபோது, நன்கொடையாளர்களைத் தெரிந்தவர் என்பதால் நானும் கை தூக்கினேன். எங்கள் வழக்கம் ஒன்றே ஒன்றுதான். விடிந்ததும் பறித்த காய்களைப் பின்வாசலுக்கு வெளியே, சந்தில் இருக்கும் அலமாரியில் அடுக்குவோம். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர் தம் பழைய விசிலை ஊதுவார். உடனே, குழாயை மூடப் போகும் என் ஒருவனைத் தவிர, அத்தனை பேரும் அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து களை பிடுங்குவார்கள். அடுத்த விசில் வரை ஒருவரும் திரும்பக் கூடாது. தேவைப்பட்டவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். யார் எடுத்தது என்று யாராவது கேட்டால், "நாங்க களை புடுங்கிட்டு இருந்தோம், எங்களுக்கென்ன தெரியும்?" என்பார் நடத்துனர். இத்தனை காலமும் ஒரு காய் மிஞ்சியதில்லை, ஒரு முகம் வாடியதில்லை.

இதை நீங்கள் நிர்வாகக் குறைபாடு என்றீர்கள். ஒருவரிடமும் சொல்லாமல் அலமாரிக்கு மேலே கேமரா பொருத்தினீர்கள். முதல் நாளே அதில் ஒருவன் சிக்கினான். முதுகு தெரிய, கீழ்த்தட்டுக்குக் குனிந்து, கையில் கத்தரிக்காயோடு. அவன் முகத்தை மட்டும் மங்கலாக்கி, "நாம் கொடுக்கிறோம், இவர் புன்னகைக்கிறார்" என்று பதாகை அடித்தீர்கள். மங்கிய முகத்தில் புன்னகையைக் கண்டுபிடித்த உங்கள் கண்பார்வையை வியக்கிறேன். அதன் முன்னால் என்னை நிறுத்தி, "பாருங்க மாப்ள, ஆளு எவ்வளவு நன்றியோட குனியிறான்!" என்றீர்கள். கீழ்த்தட்டில் இருப்பதை எடுக்க எவனும் குனிந்துதான் ஆக வேண்டும், மச்சான். அது நன்றியல்ல, முதுகெலும்பின் அமைப்பு.

பதாகை ஏறிய மறுநாள் விசில் ஊதியது, களை பிடுங்கினோம், திரும்பினோம். அலமாரி அப்படியே நிறைந்திருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. நீங்களோ, "பாத்தீங்களா, திருட்டு நின்னுபோச்சு!" என்று நடத்துனரின் தோளைத் தட்டினீர்கள். அவர் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், இன்றுவரை வெளியே எடுக்கவில்லை. அழுகியதையெல்லாம் 'உபரி' என்று அறிக்கையில் எழுதி, உரக்குழியில் கொட்டச் சொன்னீர்கள். இப்போது இந்தத் தெருவில் வயிறார உண்ணும் ஒரே பயனாளி அந்த உரக்குழிதான். அது கேமராவுக்குக் கூச்சப்படுவதில்லை.

துணி தேய்க்கும் அம்மாவிடம் போய், காய் எடுக்க வாருங்கள் என்று கெஞ்சினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு கட்டு கீரைக்கு நான் போஸ் குடுக்கணுமா சார்? எம் புள்ளைங்க அந்த வாசல் வழியாத்தான் பள்ளிக்கூடம் போவுதுங்க. இப்ப வெறுஞ்சோறுதான் தின்னுதுங்க. ஆனா யாரும் கைகாட்டிச் சிரிக்கல."

"பதாகையை எடுக்கச் சொல்றேம்மா."

"எடுத்துட்டா? பாத்தது பாத்ததுதானே. அந்த மனுசன் பாவம், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறானோ!"

அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் தலைவர், உங்களுக்குப் பதில் வரலாம்.

எனவே முறைப்படி தெரிவிக்கிறேன். கேமராவைக் கழற்றுங்கள், பதாகையை இறக்குங்கள், பதவியிலிருந்து நீங்களும் இறங்குங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டாம். உங்கள் தங்கையின் மனம் நோகும்தான். நோகட்டும். மானம் போனவர்களின் தட்டு காலியாக இருக்கும்போது, உங்கள் தட்டில் பரிமாற என் கை எழாது.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் என் அன்பு. உங்களுக்கு, என் மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் தங்கை உள்ளே வந்தாள். அண்ணன் பெருமையைப் பார்க்கத் தோட்டத்து வாசல்வரை போய்வந்தாளாம். "அந்தச் சட்டைக் கிழிசலக் வேற கலர் நூலால நான்தாங்க தச்சேன். முகத்த மறச்சவங்க முதுக மறைக்கலையே" என்றாள். நான் வேலை பார்த்த கல்லூரியை மூடி, சம்பளம் நின்று பல மாதங்கள் ஆகின்றன என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். பதாகை தொங்கட்டும், இனி மறைக்க ஒன்றுமில்லை. ஞாயிறு தவறாமல் சாப்பிட வாருங்கள், அவள் வரச்சொல்கிறாள். சென்ற முறை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களே, அது அந்தப் படத்தில் என் கையில் இருக்கும் கத்தரிக்காய். இம்முறை வரும்போது காய் மட்டும் நீங்களே வாங்கி வந்துவிடுங்கள்.